மூன்றாவது சிமிட்டல்

"கண்ண நல்லா தொறந்து வெச்சி, ஒரு வாட்டி சிமிட்டுங்கம்மா," என்றார் ஓவர்சியர் இளம்பரிதி.

சிமிட்டினேன்.

செல்போனில் என் முகத்தைச் சுற்றியிருந்த வட்டம் சிவந்தது. பொருந்தவில்லை.

வெள்ளத்தில் விழுந்த வீட்டில் வாசக்கால் மட்டும்தான் மிச்சம். அதற்குள் நின்றிருந்தேன். முதுகுக்குப் பின்னால் வீடு இல்லை, பாலாறு இருந்தது. வெறும் மணலும் கருவேலமுமாக, ஒன்றும் தெரியாதது போல.

எதிரே தெருவே திரண்டிருந்தது. என்னோடு ஷூ கம்பெனியில் தைப்பவர்களே நான்கு பேர் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்கள். எல்லோரும் என் இமைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விழுந்த வீட்டுக்குப் பதில் அரசாங்கம் கான்கிரீட் வீடு தருகிறது. ஆதாரில் இருக்கும் முகமும் வாசலில் நிற்கும் முகமும் ஒன்றுதான் என்று அந்தப் போன் ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்று முறைதான் பார்க்கும். அன்றுதான் கடைசி நாள். தவறினால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும்.

விடிந்ததிலிருந்து பக்கத்து வீட்டு சுகரா பேகம் என்னை விடவில்லை. ஆதார் அட்டையைக் கண்ணாடி ஓரத்தில் செருகிவைத்து, படத்தைப் பார்த்துப் பார்த்துத் தலை வாரினாள். நடு வகிட்டை அழித்துப் பக்க வகிடு எடுத்தாள். மூக்குத்தியைக் கழற்றச் சொன்னாள். பொட்டைக்கூட இரண்டு முறை மாற்றி வைத்தாள்.

எல்லோரையும்விட எங்கள் வீட்டு நிஷாவுக்குத்தான் கொண்டாட்டம். ஏழு வயது. புது வீட்டில் ஜன்னல் எங்கே, தன் படுக்கை எங்கே என்று கரித்துண்டால் தரையில் வரைந்தே வைத்துவிட்டாள். ஆனால் வாய் சும்மா இருக்காது. அதனால் சுகரா அவள் கையில் பேரீச்சம்பழத்தைத் திணித்து, தன் வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தாள். ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே ஒரு சின்ன மூக்கு மட்டும் தெரிந்தது.

இரண்டாவது முறை வெயில் கண்ணில் அடித்தது.

மறுபடியும் சிவப்பு.

"ஏ அமிர்தம், இன்னாடி கல்யாணப் பொண்ணாட்டம் வெக்கப்படுற? உன் சூப்பர்வைசரப் பாக்குற மாதிரி மொறச்சிப் பாருடி!" என்று கத்தினாள் சுகரா. தெரு சிரித்தது. இளம்பரிதியும் சிரித்துவிட்டார்.

பொட்டு கலையாமல் நெற்றி வேர்வையை ஒற்றிக்கொண்டேன்.

சுகரா ஓடிவந்து என் தலைக்கு மேல் குடை பிடித்தாள்.

தைக்கும்போது ஊசி உடையும் போலிருந்தால் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். அப்படிப் பிடித்துக்கொண்டேன். ஆதார் படத்தில் இருப்பது போலவே வாயின் ஒரு ஓரத்தை லேசாக இறக்கினேன். போனை நேராகப் பார்த்தேன்.

சிமிட்டினேன்.

வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

பச்சை.

கீழே பெயர் வந்தது: அமிர்தவள்ளி.

யாரோ விசில் அடித்தார்கள். தீபாவளிக்கு வெடிக்காமல் போன சரம் ஒன்று எங்கிருந்தோ வந்து வெடித்தது. சுகரா என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். அத்தனை விரலும் சொடுக்கு விட்டன. கம்பெனிக்காரிகள் நான்கு பேரும் ஒரே நேரத்தில் என்னைக் கட்டிப்பிடித்தார்கள்.

"அடுத்த வாரம் அஸ்திவாரத்துக்கு மார்க்கிங் போட வர்றேம்மா," என்றார் இளம்பரிதி. அவர் பைக் தெருமுனை திரும்பும் வரை கையசைத்துக்கொண்டே இருந்தோம்.

சுகரா போய்க் கதவைத் திறந்தாள்.

நிஷா பாய்ந்து வந்தாள். வாயெல்லாம் பேரீச்சம்பழம்.

"சித்தி! போனு அம்மாவக் கண்டுபுடிச்சிடுச்சா?"

சுகரா சட்டென்று தெருமுனையைத் திரும்பிப் பார்த்தாள்.

அமிர்தவள்ளி எனக்குப் பத்து நிமிடம் மூத்தவள். தண்ணீர் வடிந்ததும் அவளைத் தேடி ஆற்காடு வரை கரையோடு நடந்தோம். உடல் கிடைக்காததால், அவள் இறந்துவிட்டாள் என்று எழுதித் தர எந்த அலுவலகமும் தயாராக இல்லை. பட்டா அவள் பெயரில் இருக்கிறது. வீடு வேண்டுமென்றால் அவளே நேரில் வந்து நிற்கட்டும் என்றுதான் சொன்னார்கள்.

நிஷாவைத் தூக்கி வாசக்காலுக்குள் நிறுத்தினேன். அவள் அண்ணாந்து, என் வகிட்டையும் வெறும் மூக்கையும் பார்த்தாள்.

"கண்டுபுடிச்சிடுச்சு கண்ணு," என்றேன். "மூணாவது வாட்டில."