கூடைக்குக் கழிவு

பூரணியின் விடைக்குச் சிவப்புப் பேனாவால் பிழை போட்டேன்.

ஹட்டன் கணினி நிலையத்தில் செய்முறைப் பரீட்சை, 2008. ஒரே கணினிக்குள் நான்கு மெய்நிகர் கணினிகளை ஓடவிட வேண்டும். ஒவ்வொன்றும் எவ்வளவு நினைவகம் எடுக்கலாம் என்று எல்லை வைக்க வேண்டும். மொத்தம் இருப்பது 2048 எம்பி.

கொழும்பில் அச்சடித்த விடைக்குறிப்பு ஒவ்வொன்றுக்கும் 512 என்றது. இவள் 384 போட்டிருந்தாள்.

நான்கால் வகுக்கக்கூடவா தெரியாது?

அக்கரப்பத்தனையிலிருந்து பஸ் மாறி வந்தவள். இதுதான் கடைசித் தவணை. தேறினால் தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை. தவறினால் நாளைக் காலை அம்மாவோடு கொழுந்தெடுக்கப் போகவேண்டியதுதான். பாவமாக இருந்தது. ஆனாலும் பிழை பிழைதானே.

"சார், மிச்சத்த நாலையும் சுமக்கிற அந்தப் பெரிய கம்பியூட்டருக்கே விட்டுருக்கேங்க. கொழுந்து நிறுக்கையில மொதல்ல கூடைக்குக் கழிப்பாங்கள்ல? கூடை இல்லாட்டி கொழுந்து எதுல நிக்கும்?"

பரீட்சகரிடமே வாயாடுகிறாளே என்று எரிச்சல் வந்தது. நானே உட்கார்ந்து நான்குக்கும் 512 போட்டு ஓடவிட்டேன்.

முதலாவது திறந்தது. இரண்டாவதும் திறந்தது. மூன்றாவது முக்கி முனகித் திறந்தது.

நான்காவதைத் தட்டியதும் மவுஸ் அம்பு நடுத்திரையில் அப்படியே நின்றுவிட்டது. எதைத் தட்டியும் அசையவில்லை. வெளியே யாரோ 'கண்டி, கண்டி' என்று பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுவது மட்டும் கேட்டது.

பூரணி சிரிக்கவில்லை. என்னிடம் கேட்டுக்கொண்டு கணினியை அணைத்து மறுபடி போட்டாள். தன் கணக்கைக் கொடுத்தாள்.

நான்கும் திறந்தன. நான்கும் ஓடின.

என்ன பெண் இவள்! பட்டம் படித்த எனக்கு எட்டாதது, அம்மாவின் கூடையோடு தராசடியில் நின்றே வளர்ந்தவளுக்கு எட்டியிருக்கிறது. எழுந்து நின்று கைதட்டலாம் போலிருந்தது.

"விடை எழுதுனவங்க வேற பெரிய மிசின்ல பாத்துருப்பாங்க சார்" என்றாள், சமாதானமாக.

"ஓம் பிள்ளை. அந்த ஆள் இதில போட்டே பார்க்கேல்லை."

பிழையை வெட்டி முழுப் புள்ளி கொடுத்தேன். விடைக்குறிப்பிலும் 512ஐ வெட்டி, 'முதலில் கூடைக்குக் கழிக்கவும்' என்று எழுதினேன்.

திருத்தினால் கையொப்பம் வைக்க வேண்டும். வைத்தேன், 'தயாரித்தவர்' என்ற இடத்தில் ஏற்கனவே இருந்த என் கையொப்பத்துக்குக் கீழே.