பல்லியின் கணீர்க் குரல்

பைபாஸ் ரோட்டை ஒட்டிய ஒரு வீட்டில் பல்லி ஒன்று இருந்தது. வீட்டில் யார் நல்ல பேச்சு எடுத்தாலும் 'ச்சு ச்சு' என்று ஆமோதிக்கும். லாரி ஹாரன்களுக்கு நடுவே அது ஒருவர் காதிலும் விழுந்ததில்லை.

சத்தத்தைத் தடுக்கச் சாலையோரம் உயரமாக ஒரு சுவர் எழுப்பினார்கள்.

மறுநாள் காலை செண்பகம் கணவனிடம், "நம்ம பொண்ணுக்கு இந்த வேலை கண்டிப்பா கிடைச்சிடும்ங்க" என்றாள்.

பல்லி 'ச்சு ச்சு' என்றது.

"பாத்தீங்களா, பல்லியே சொல்லிடுச்சு!" என்று அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பல்லிக்குத் தலைகால் புரியவில்லை. ஜன்னலுக்கு ஓடிவந்து புதுச் சுவரைக் கூப்பிட்டது.

"தம்பி, என் குரல் எப்படிக் கணீர்னு ஆயிடுச்சு பாத்தியா? இத்தனை வருஷம் விடாம கத்திப் பழகின பலன்! நீயும் ரெண்டு வார்த்தை பேசிப் பழகு. இப்படிச் சும்மா நின்னா உன்னை யாரு மதிப்பா?"

சுவரிடமிருந்து பதில் வந்தது.

"என்னண்ணே சொன்னீங்க? இந்தப் பக்கம் வரிசையா லாரி போகுது. ஒண்ணுமே காதுல விழல."

"பாவம், காது மந்தம்" என்று பல்லி உச்சுக்கொட்டியது.

உள்ளே செண்பகம் மறுபடியும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.