கோந்துக் குப்பிகள்

விரலில் மக்ரூத் பலகாரத்தின் பாகு ஒட்டியிருக்க, கையுறை போடாமலேயே பேராசிரியர் லஸ்ஸாத் உள்ளே வந்தார்.

மூளை செல்கள் வளரும் இன்குபேட்டரை அந்த விரலாலேயே திறந்தார். துனிஸில் இந்த ஆய்வகத்துக்கு வந்த பதினாறு வருடத்தில், அவர் தொட்ட இடத்தைத் துடைப்பதும் என் வேலையாகிவிட்டது.

மேல் அடுக்கில் அவருடைய நியூரான் தட்டுகள். கீழ் அடுக்கில் நான் வளர்க்கும் கிளியா செல்கள், மூளையில் நியூரான்களைச் சூழ்ந்திருப்பவை, பதினோரு குப்பிகளில்.

"என்ன ஜாஸியா, கோந்து வியாபாரம் எப்படிப் போகுது?"

பின்னால் நின்ற மாணவர்கள் சிரித்தார்கள். கிளியா என்றால் கிரேக்கத்தில் கோந்து. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே இந்த மனிதர் பதினாறு வருடத்தை ஓட்டிவிட்டார்.

அவருடைய புகழெல்லாம் ஒரே கட்டுரை. நியூரான்களுக்கு யார் துணையும் வேண்டாம், தனியே விட்டாலும் ஒன்றையொன்று தேடி இணைப்புப் போட்டுக்கொள்ளும் என்று எழுதினார். பிரான்ஸ் போய் லியோனில் பேசினார். மேடையேறினால் அவருக்கு இறங்கத் தெரியாது. இன்னும் மூன்று வாரத்தில் அங்குள்ள மார்செய் நகரத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள், அந்த இணைப்புகளில் சமிக்ஞை ஓடுவதை நேரில் பார்க்க. அவர்களுக்குப் பிடித்துவிட்டால் இவருக்கு அங்கே ஒரு பெரிய ஆய்வகம்.

"மேல இருக்கறதெல்லாம் கெழடாயிடுச்சு. மார்செய் ஆளுங்களுக்குப் புதுசா நாப்பது தட்டு போடணும், இடம் வேணும். இந்தக் கோந்தையெல்லாம் இன்னிக்கே கொட்டிடு."

"எல்லாத்தையுமா, ஐயா?"

"ஒண்ணு விடாம. அடுத்த மாசத்துலேர்ந்து நீயும் கண்ணாடிப் பாத்திரம் கழுவுற எடத்துக்குப் போயிடு. சொல்ல ஏதாவது இருக்கா?"

ஒரு காலத்தில் சொல்லிப் பார்த்தேன். கட்டுரைக்கு முன்னால் அவருடைய நியூரான்கள் உயிரோடு கிடந்தனவே தவிர, ஒன்றோடொன்று பேசவில்லை. கிளியா செல்கள் கசிய விடுவது கிடைத்தால்தான் இணைப்பு விழும், அந்தத் திரவத்தைக் கொஞ்சம் விட்டுப் பார்க்கலாம் என்றேன். யார் காதிலாவது விழுந்தால் சிரிப்பார்கள் என்றார். வேலை நோட்டிலும் எழுதி வைத்தேன். அட்டையில் தன் பெயர் இல்லாத எதையும் அவர் திறந்ததில்லை.

"இல்லைங்க" என்றேன்.

அவர் போனதும் கதவைத் துடைத்தேன். குப்பிகளை வெளியே எடுத்து பிளீச் ஊற்றினேன். இளஞ்சிவப்புத் திரவம் மெல்ல வெளுத்துக்கொண்டு வந்தது.

கட்டுரைக்கு முன்பிருந்தே, மூன்று வருடமாக, ஒவ்வொரு திங்கட்கிழமையும், அந்தத் திரவத்தில் ஒரு பங்கை எடுத்து அவருடைய நியூரான் தட்டுகளில் விட்டு வந்தேன். நோட்டில் தேதிவாரியாக இருக்கிறது.

பிறகு உட்கார்ந்து நாற்பது தட்டுகளையும் போட்டு முடித்தேன்.

முதல் தடவையாக, அவருடைய கட்டுரையில் உள்ளபடியே.