கடைசி உறையில் ஒரு காசு

பிரேமாவின் கணவன் சிவபாலன், தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணியில் வேலை பார்க்கிறான். பயணம் முடிந்து வீடு திரும்பியதும் அந்த ஊர்க் காசு ஒன்றை ஆல்பத்தில் செருகி, திரும்பிய தேதியைச் சீட்டில் எழுதி வைப்பது அவன் தாத்தா காலத்திலிருந்து வரும் வழக்கம்.

இந்த முறை ஒன்பது நாளாகத் தோணியிலிருந்து தகவல் இல்லை. பத்தாம் நாள் காலை, இருப்புக்கொள்ளாமல் பிரேமா ஆல்பத்தை எடுத்துத் துடைத்தாள். காலியாக இருக்க வேண்டிய கடைசி உறையில், சங்கு பொறித்த மாலத்தீவுக் காசு ஒன்று இருந்தது. கூடவே ஒரு சீட்டு. அதில் வருகிற வியாழக்கிழமையின் தேதி.

மாமியார் செல்லத்தாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

"ஏளா, இது அவன் எழுத்துல்லா?"

"ஆமா அத்தை."

"அப்போ வந்துருவான். எந்திரி, உலைய வை."

அன்றுதான் இருவரும் வயிறாரச் சாப்பிட்டார்கள்.

புதன்கிழமை போன் வந்தது. வியாழன் மதியம் சிவபாலனே வந்தான், கறுத்து மெலிந்து. தோணி மூழ்கியதையும், வழியில் போன கப்பல் ஒன்று தங்களை ஏற்றிக்கொண்டதையும் அவன் சொல்லி முடிக்கும்வரை செல்லத்தாய் அவன் கையை விடவில்லை. பிறகு அவன் சட்டைப் பையிலிருந்து சங்குக் காசை எடுத்தான்.

"எல்லாம் கடல்ல போச்சு. இது ஒண்ணுதான் மிஞ்சிச்சு."

சீட்டில் தேதியை எழுதிவிட்டு ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்தான். உறை காலியாக இருந்தது. உள்ளே கொஞ்சம் தண்ணீர் தேங்கி நின்றது.

"இதென்ன பிரேமா, ஈரமா இருக்கு?"

பிரேமா முந்தானை நுனியை உள்ளே விட்டு நன்றாகத் துடைத்தாள்.

"இப்ப வைங்க" என்றாள்.