பீரோ வாங்கிய உதை

கிரிப்டோ பணம் மொத்தமும் திருடு போனதும் மதிவாணன் பீரோவை ஓங்கி உதைத்தான். அந்தப் பணம் இருந்த டிஜிட்டல் வாலட்டைத் திறக்கும் பன்னிரண்டு ரகசியச் சொற்களைத் தாளில் எழுதி பீரோவுக்குள்தான் பூட்டியிருந்தான்.

“என் பூட்டுல ஒரு கீறல் இருக்காடா?” என்று கொதித்தது பீரோ.

“நான் உள்ளேயேதானே இருக்கேன்!” என்றது தாள்.

மேசையில் கிடந்த போன் முணுமுணுத்தது: “பூட்டுறதுக்கு முன்னாடி தாளை என் கேமராவுல போட்டோ எடுத்தான். அதைத் தனக்கே மெயில்ல அனுப்பிக்கிட்டான். திருடன் அந்த மெயிலுக்குள்ளதான் புகுந்தான்.”

“அதுக்கு உதை எனக்கா?”

மறுநாள் மதிவாணன் புது வாலட் தொடங்கினான். பீரோவுக்கு இன்னொரு பூட்டும் போட்டான். புதுச் சொற்களை எழுதிய தாளை உள்ளே வைக்கப் போனவன், “எதுக்கும் ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்குவோம்” என்று போனை எடுத்தான்.

பீரோ அலறியது: “அப்படியே என்னை இப்பவே உதைச்சுட்டுப் போடா!”