வழுவழுப்பான ராஜா

கடைக்காரர் மூன்று மரச் சதுரங்க செட்டுகளைப் பரப்பினார். "இது கருங்காலி. குதிரையோட பிடரியைப் பாருங்க, மயிர் மயிரா செதுக்கியிருக்கு."

வாங்க வந்த பெண் குதிரையைச் சட்டை செய்யாமல் ராஜாவை எடுத்துக் கன்னத்தில் தேய்த்தாள். "கிரீடம் குத்துது."

"அப்போ இதை எடுத்துக்கங்க. கனத்துக்கு அடியில ஈயம் வெச்சிருக்கு."

"ஐயோ, ஈயம் வேண்டாம். வார்னிஷும் கூடாது. வழுவழுன்னு இருந்தாப் போதும்."

"வீட்டுல கைக்குழந்தையா?"

"இல்லீங்க, மாமனார். தோக்கப்போறோம்னு தெரிஞ்சா ராஜாவை எடுத்து முழுங்கிடுவார். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடணும்."

கடைக்காரர் ஆடிப்போனார். "ஏம்மா, வயசானவர், அவரையே ஜெயிக்க விட்டுட வேண்டியதுதானே?"

"விட்டுப் பார்த்தோமே!" அவள் பெருமூச்சு விட்டாள். "அன்னிக்கு எதிர்ல ஆடின மாமியார் முழுங்கிட்டாங்க."