புல்லாங்குழல் முடிஞ்சதும்

“என் பாட்டக் கேட்டுட்டா, எதுத்து நிக்கிற ஆளே நமக்குத்தானுங்க குத்துவாங்க! ஓட்டு மெஷினே தாளம் போடுமுங்க!” என்றார் பூபதிராஜா.

கேரள எல்லையோரத்து வேலந்தாவளத்தில் இதை நம்ப ஓர் ஆள் கிடையாது. சொன்னவருக்கே நம்பிக்கை இல்லை. நாளுக்கு நாலு மேடை ஏறி ஏறி, அவர் தொண்டை தண்ணீர் வற்றிய கிணற்று மோட்டார் மாதிரி இரைந்துகொண்டிருந்தது.

பஞ்சாயத்துத் தேர்தலில் அது பெண்கள் வார்டு. குடைச் சின்னத்தில் மௌனிகா, கத்தரிக்கோல் சின்னத்தில் கமலாத்தாள். இரண்டு பேருக்கும் பிரசாரப் பாட்டு பூபதிராஜாதான். எல்லைக்கு இந்தப் பக்கம் கடல் வரைக்கும், அந்தப் பக்கமும் கடல் வரைக்கும் வேறு பாட்டுக்காரர் இல்லை என்று அவரே சொல்லிக்கொள்வார்.

“பாட்டுக் கேட்டு ஓட்டு மாறுமா தம்பி?” கமலாத்தாள் சிரித்தார். “காது வேற, கை வேற. மாத்திக் குத்திப்போட்டேன்னு ஒருத்தராச்சும் என்ற முன்னால வந்து சொல்லட்டும், அன்னைக்கு நம்பறேன்.”

பாட்டு இரண்டும் எழுதியாயிற்று. பின்னணி இசைக்குப் புது டிராக் தேட பூபதிராஜாவுக்குத் தெம்பில்லை. மாரியம்மன் நோம்பித் திருவிழாவில் கும்மிப் பாட்டுக்குப் போடுகிற டிராக் லேப்டாப்பில் கிடந்தது. அதையே வேகத்தைக் கூட்டினார், குடைப் பாட்டுக்கு ஆயிற்று. சுருதியை ஒரு கட்டை இறக்கினார், கத்தரிக்கோல் பாட்டுக்கும் ஆயிற்று.

நடுவில் வருகிற புல்லாங்குழலை மட்டும் எப்படி நறுக்கியும் பிரித்தெடுக்க முடியவில்லை. சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று, குழல் முடிகிற இடத்தில் சின்னத்தின் பெயர் வந்து விழும்படி வைத்துவிட்டார். ஒரு ஜீப்பில், “வெயிலடிச்சாக் குடைதான், மழையடிச்சாக் குடைதான்!” இன்னொரு ஜீப்பில், “வேலியோரக் கத்தரி, வேல செய்யும் கத்தரி!”

இரண்டு ஜீப்பும் மாறி மாறிச் சுற்றின. கிளம்பிய புழுதியில் கோயம்புத்தூர் வரைக்கும் ஜனங்கள் தும்மினார்கள். சந்தைக்கு வந்த மாடுகள் அந்த மெட்டுக்கு அசைபோட்டன, கோழிகள் அதே சுருதியில் கொக்கரித்தன.

ஊருக்கு அலுத்துவிட்டது. கமலாத்தாளுக்கோ கும்பிட்டுக் கும்பிட்டுக் கை மரத்துப்போயிற்று. வாசல் கூட்டும்போதே விளக்குமாற்றில் சாய்ந்து தூங்கினார்.

ஓட்டுப் போடுகிற அன்று காலையில், அடுப்படியில் கண்ணை மூடிக்கொண்டே டீ ஆற்றிய கமலாத்தாள் ஏதோ முனகினார். வார்த்தை இல்லை, வெறும் மெட்டு.

“என்ன புள்ள, பாட்டெல்லாம் பலமா இருக்குது?” என்றார் அவர் கணவர் காளிச்சாமி. ஊர் நோம்பியை முன்னின்று நடத்துகிறவர்.

“தெரியலீங்க மாமா. வாயில தானா வருது.”

“நம்ம பாட்டுத்தான்! நல்ல சகுனம், போ.”

ஓட்டெண்ணி முடிந்தது. ஒரே ஒரு ஓட்டில் மௌனிகா ஜெயித்தார்.

அன்று சாயங்காலம் காளிச்சாமி தன் வீட்டு வாசலில் தட்டில் கற்பூரம் கொளுத்தினார். “நம்மாளு ஒருத்தருதான் மாத்திக் குத்தியிருக்கோணும். இல்லீன்னு சொல்றவங்க இதை அணைச்சுச் சத்தியம் பண்ணுங்க.”

அண்ணன், தம்பி, மருமகள்கள், ஜீப் டிரைவர் என்று ஒவ்வொருவராக அணைத்தார்கள். தட்டில் கற்பூரம் தீரத் தீர, கடைக்கு ஆள் ஓடியது. சத்தியம் பண்ணாதது வாசலில் கட்டியிருந்த எருமை மட்டும்தான். அதற்கு ஓட்டில்லை.

காளிச்சாமி பூபதிராஜா பக்கம் திரும்பினார். “அப்பத் தப்பு உன்ற மேலதான். ரெண்டு பேருத்துக்கும் ஒரே டிராக்கப் போட்டிருக்கறே! இன்னைக்கு மௌனிகா ஊட்டு முன்னால பாட்டுப் போடறாங்க, புல்லாங்குழலு வந்ததும் நம்ம பாட்டுன்னு நானே எந்திரிச்சு ஓடறேன். இந்த வருசம் நோம்பிக்கு உனக்கு மேடை கெடையாது.”

நோம்பி மேடையைப் பார்த்துத்தான் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் பூபதிராஜாவைக் கூப்பிடுவார்கள். அது போனால் எல்லாம் போயிற்று.

“அண்ணா, டிராக்கு ஒண்ணுதானுங்க, ஒத்துக்கறேன். அதக் கேட்டு ஆரு மாத்திக் குத்துவாங்க? நான் அன்னைக்குச் சொன்னது சும்மா வாய்ச் சவடாலுங்க. பாட்டுக் கேட்டு ஓட்டு மாறாதுன்னு அக்காவே சொன்னாங்க. வேணும்னாக் கேட்டுப் பாருங்க.” மிச்சக் குரலும் அதோடு தீர்ந்தது.

எல்லோரும் கமலாத்தாளைப் பார்த்தார்கள். கற்பூரத் தட்டு வாசல் முழுக்கச் சுற்றி வந்திருந்தது. தேர்தலில் நின்றவரிடமே போய் அதை யார் நீட்டுவார்கள்?

கமலாத்தாள் சுவரில் சாய்ந்தபடி, “தம்பிக்கு மேடையக் குடுத்துருங்க மாமா,” என்றார்.

“தோத்துப்போய் நிக்கறோம், நீ அவனுக்குப் பரிஞ்சு பேசறயா?”

“தூங்கி எத்தன நாளாச்சு மாமா? மெஷினு முன்னால போய் நிக்கறேன், கண்ணு சொக்குது. வாயில அந்தப் புல்லாங்குழலு ஓடிட்டே இருக்குது. அது முடிஞ்சதும் விரல் தானாப் போயிருச்சு.”

“எங்க போச்சு?”

கமலாத்தாள் கணவரைப் பார்க்கவில்லை. பூபதிராஜாவைப் பார்த்தார்.

“நம்பறேன் தம்பி. குடைய அமுக்குனது நாந்தான்.”